கைமெருகு

வாசகப் பெருமக்கள் முதலில் பொறுத்தருள வேண்டும். நகைக்கு மெருகேற்றும் தொழிலை வைத்துக் குடும்பக் கதை எழுதத் துணிந்ததே மிகை. அதிலும் டிரம், பெல்ட், பால்ரஸ் குண்டு என்று இயந்திரச் சமாச்சாரங்களை வாரந்தோறும் தங்கள் முன் கொண்டுவந்து வைப்பது அதிகப்பிரசங்கம் என்பதையும் அறிவேன். "கொலுசுக் கதை என்றீர்கள், கிரீஸ் வாடை அல்லவா அடிக்கிறது?" என்று ஓர் அம்மையார் அன்போடு கடிந்துகொண்டார். அவர் சொன்னது நியாயமே. ஆயினும் அந்த வாடையை விலக்கிவிட்டு இந்த வாரக் கதையைச் சொல்லும் திறமை எனக்கு வாய்க்கவில்லை. சிரமம் பாராமல் உடன் வர வேண்டுகிறேன்.

ஷேக் தாவூத் வாக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதோடு சென்ற வாரம் நின்றோம்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் இடத்தில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடை அவருடையது. அந்தக் கடையில் ஒரு பக்கத்தை மூத்த மருமகள் தஸ்லீமாவின் வெள்ளிச் சாமான்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் காப்பி மூட்டை அடுக்கும் கொட்டகையையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தார். சேலத்தில் வார்த்து, மலையேறி வரும் கரடுமுரடான உருப்படிகளை அவள் அந்தக் கொட்டகையில் டிரம்மில் போட்டுச் சுழற்றிப் பளபளப்பாக்குவாள். அவற்றுள் காப்பிப்பழக் கொலுசுக்குத் தனிப் பெயர் உண்டு. காப்பிப் பழம் போலத் திரண்ட வெள்ளி மணிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கீற்று, உள்ளே வெள்ளிப் பரல்.

அந்தக் கொலுசு பனிமுடி விடுதியின் கண்ணில் பட்டது. விடுதிக்குள் ஒரு கண்ணாடி அலமாரி, ஆண்டு முழுக்க ஆர்டர், அலமாரியைக் கவனிக்கும் வேலை இளைய மகன் நவாசுக்கு என்று பேச்சு முடிந்தது. நிபந்தனை ஒன்றுதான். கொலுசோடு கொடுக்கும் அட்டையில் 'கைமெருகு' என்று இருக்கும். தஸ்லீமா கடைவாசலில் பாய் விரித்து அமர்ந்து, பித்தளை பிரஷால் கொலுசைத் தேய்ப்பதாக ஒரு படம் எடுப்பார்கள். டிரம் ஒன்று இருப்பதை யாரும் சொல்ல வேண்டாம்.

ஷேக் தாவூத் சரி என்றார். வீட்டில் வந்து சொன்னபோது தஸ்லீமா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள்.

"ஒத்துக்கலீன்னா கொட்டகைய நவாசுக்கு உட்டுருவேன், கண்ணு. அவன் ரெண்டு ரூமாத் தடுத்து டூரிஸ்டுக்கு வாடகைக்கு உட்டுக்குவான்" என்று அவர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

படம் எடுக்க வரும் நாள் விடிந்தது.

பனி கொட்டகைக் கதவிடுக்கு வழியாக உள்ளேயே வந்துவிட்டிருந்தது. முதல் பஸ்ஸில் செம்மநத்தம் கிராமத்திலிருந்து வந்திறங்கிய, கொட்டகை வேலைக்குத் துணையாக இருக்கும் முத்தாயி, தலையிலிருந்த காப்பித் தொலி மூட்டையைத் தொப்பென்று போட்டாள். டிரம்மிலிருந்து ஈரமாக வெளிவரும் வெள்ளியை அந்தக் காய்ந்த தொலியில் புரட்டித்தான் உலர்த்துவார்கள். வெயிலை நம்பினால் ஏற்காட்டில் வெள்ளி கறுத்துப் போகும்.

"பஸ்ஸுல ஒரு பொம்பள கேக்கறா, ஏனுங்க மூட்டையில தவுடுங்களான்னு. கல்யாணக் கொலுசுக்கு மெத்தைன்னு சொன்னேன். கிறுக்கின்னு நெனச்சு நவுந்து உக்காந்துட்டா" என்றாள் முத்தாயி.

அவள் சொன்ன கல்யாணம் அவள் மகள் கவிதாவுடையது. நாளை மறுநாள் முகூர்த்தம். மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் சீர் பார்க்க வருவார்கள். மற்றச் சீரெல்லாம் தட்டில் ஏறிவிட்டது. கொலுசு மட்டும் கரகரப்பான கற்களோடு டிரம்மில் புரண்டு, வார்ப்பின் சொரசொரப்பு நீங்கி, பளபளப்புக்குக் காத்திருந்தது.

கொட்டகையின் ஓரத்தில் இரண்டு பேசின்கள். இரண்டிலும் சோப்புத் தண்ணீரில் மூழ்கிய, பால்ரஸ் என்னும் இரும்புக் குண்டுகள். ஒன்றில் பெரியவை, மற்றொன்றில் கடுகைவிடச் சற்றே பருத்தவை. தண்ணீரை விட்டு வெளியே எடுத்துவைத்தால் அந்தப் பனிக்கு ஒரே இரவில் துரு ஏறிவிடும். பூவும் கொடியும் செதுக்கிய பதக்கங்களுக்குச் சின்னக் குண்டு. அதுதான் சந்துபொந்தெல்லாம் புகுந்து மினுக்கும். மணி தொங்கும் கொலுசுக்குப் பெரிய குண்டு மட்டுமே. சின்னதைப் போட்டால் மணியின் கீற்று வழியாக உள்ளே புகுந்து குடியேறிவிடும்.

தஸ்லீமா பெரிய குண்டுகளை அள்ளி டிரம்மில் போட்டாள். கவிதாவின் கொலுசை அதன்மேல் கிடத்தி, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரை ஊற்றி மூடியை முறுக்கினாள். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி சுவிட்சைப் போட்டாள். டிரம் மெல்லப் புரளத் தொடங்கியது. முத்தாயி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் கொட்டகை அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருப்பதைத் தஸ்லீமா கண்டாள். விடுதிக்கென்று எடுத்துவைத்த மாதிரிக் கொலுசுகள் இருந்த தட்டு அது. அவற்றுக்குக் குண்டு மெருகு இனிமேல்தான் போட வேண்டும்.

நவாஸ் புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாக உள்ளே வந்தான். கையில் நீல வெல்வெட் பெட்டி.

"தேடாதீங்க அண்ணி. வெடியக் காலையிலயே நானே டிரம்முல போட்டு எடுத்துட்டேன். கரண்டு போயிருமோன்னு பயம். பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்குது."

பார்த்தாள். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அந்தப் பளபளப்பே அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

"எந்தப் பேசின் குண்டு நவாஸ்?"

"சின்னதுங்க. அதுதான் சந்துக்கெல்லாம் போகும்னு நீங்கதானே சொன்னீங்க."

"மணி இல்லாத சாமானுக்குச் சொன்னேன்."

நவாஸ் ஒரு கொலுசை எடுத்து ஆட்டினான். "சத்தம் வருதுல்ல?"

வந்தது. ஆனால் தஸ்லீமாவின் காதுக்கு அது போதவில்லை. வெள்ளிப் பரல் மட்டும் இருந்தால் மணி சிலுசிலுக்கும். இதில் இடையிடையே 'கடக்' என்று ஓர் இடறல்.

"குடு, ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்துடறேன்."

"நேரம் ஏதுங்க அண்ணி? அவங்க கார் சுங்கச்சாவடி தாண்டிருச்சாம். அத்தா பாய் விரிச்சு வெச்சுக் காத்துட்டிருக்காரு. நீங்க அந்த மயில்கழுத்துப் பொடவை கட்டீட்டு வந்துருங்க." பெட்டியோடு அவன் போய்விட்டான்.

முத்தாயி தொலி மூட்டையை அவிழ்த்தபடி கேட்டாள். "போவீங்களா?"

"போகத்தான் வேணும். மாமா சொன்னதுக்காவது போய் நிக்கணும்."

"நிக்கறதுக்கா கூப்படறாங்க? உக்காரத்தானே கூப்படறாங்க."

தஸ்லீமா மயில்கழுத்துப் புடவையைத் தொடவில்லை. கட்டியிருந்த பருத்திப் புடவையோடு, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டாள்.

ஒண்டிக்கடையில் பனி விலகத் தொடங்கியிருந்தது. கடைவாசலில் புதுப் பாய். அதன்மேல் ஒரு தாழ்ந்த பலகை, பலகைமேல் பித்தளை பிரஷ், ஒரு கிண்ணத்தில் புளிக்கரைசல், நீலப் பெட்டி. வாசல் நிலைக்கு மேலே 'கைமெருகு' என்று பச்சை எழுத்தில் ஒரு பலகையும் ஏறியிருந்தது. ஷேக் தாவூத் வெள்ளைச் சட்டையில் கஞ்சி மொடமொடக்க நின்றார்.

விடுதியிலிருந்து வந்த தேவகுமாரி, பேச்சில் தேனும் நடையில் வேகமும் கொண்டவள். படம் எடுக்கும் ஜெப்சன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் தஸ்லீமாங்களா? நொம்ப சந்தோஷம். பத்தே நிமிஷம்தாங்க. உக்காந்து ரெண்டு தேய் தேச்சீங்கன்னா போதும்" என்றாள் தேவகுமாரி.

தஸ்லீமா நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காரு கண்ணு" என்றார் ஷேக் தாவூத். கட்டளை இல்லை, கெஞ்சலும் இல்லை. கடைக்கு வந்தவர்கள் முன்னால் தன் வீட்டு வார்த்தை ஏறி நிற்க வேண்டுமே என்கிற தவிப்பு. அந்தத் தவிப்பைக் கண்டு அவள் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகு பிரஷைக் கையில் எடுத்தாள்.

அதன் கைப்பிடி அவளுக்குப் பழக்கமானது. சேலத்தில் அவள் அம்மா ஷிரின் வாழ்நாளெல்லாம் பிடித்ததும் இதே மாதிரி பிரஷ்தான். கல்பொடியும் பித்தளை மயிருமாக வெள்ளியைத் தேய்த்துத் தேய்த்து, அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போயிற்று. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் அது ஏற்காது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பாள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "ஏனுங்கம்மா, நெசமாவே உங்க கைதானா?" என்று ஒருமுறை கடைக்காரர் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "என் கைதானுங்க, வெள்ளியோட போயிருச்சு" என்றாள். அன்று பக்கத்தில் நின்ற தஸ்லீமா சிரிக்கவில்லை. டிரம் வாங்கியே தீர்வது என்று அவள் மனதில் விழுந்த நாள் அது.

"கொஞ்சம் நிமுந்து பாருங்கக்கா. விரல் நல்லாத் தெரியணும்" என்றான் ஜெப்சன்.

விரல் நன்றாகத்தான் தெரிந்தது. ரேகைகளோடு தெரிந்தது.

தேவகுமாரி பெட்டியிலிருந்து ஒரு கொலுசை எடுத்தாள். "அழகு. கேமராவுல சத்தமும் வரணும் ஜெப்சன். இங்க புடி." காதருகே வைத்துச் சிலுப்பினாள்.

சிலுசிலுப்புக்கு நடுவே ஒரு 'கடக்'. மறுபடி சிலுப்பினாள். மணியின் கீற்றிலிருந்து ஏதோ ஒன்று நழுவி, பலகையில் விழுந்து, பாயில் உருண்டு, ஷேக் தாவூதின் செருப்பில் மோதி நின்றது.

தேவகுமாரி குனிந்து எடுத்தாள். கடுகைவிடச் சற்றே பருத்த இரும்புக் குண்டு, அவள் உள்ளங்கையில் மின்னியது.

"இது என்னங்க?"

"பரலுங்க மேடம்" என்றான் நவாஸ். ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. "மணிக்குள்ள போடற பரல். லேசா வெளிய வந்துருச்சு."

"வெள்ளி மாதிரி இல்லீங்களே." தேவகுமாரி தஸ்லீமாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. பரல்தானே?"

மிளகு நிறுத்துக்கொண்டிருந்த பையன் கூடத் தராசை விட்டுவிட்டான். ஷேக் தாவூத் மருமகளைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார். ஒரே ஒரு சொல். 'ஆமாம்' என்றால் அலமாரி. நவாசுக்கு வேலை. கொட்டகை அவளுக்கே.

தஸ்லீமா பிரஷைப் பலகையில் வைத்தாள்.

"பரல் இல்லீங்க. பால்ரஸ் குண்டு. என் டிரம்முல இருந்து வந்தது."

"அண்ணி" என்றான் நவாஸ்.

"தப்பான குண்டு. மணி வெச்ச கொலுசுக்குப் பெரிய குண்டுதான் போடணும். இதுல ஒவ்வொண்ணையும் ஆட்டிக் குண்டை எடுத்துட்டுத்தான் தரணும். அதுக்குள்ள பெட்டி இங்க வந்துருச்சு." அவள் எழுந்து நின்றாள். "இந்த பிரஷ் நேத்து வாங்கினது. இதால நான் ஒரு கொலுசு தேச்சதில்லீங்க. வாங்க, எதால மெருகு ஏத்தறேன்னு காட்டறேன். அதைப் படம் எடுங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஜெப்சன் கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு முதலில் நடந்தான். வேறு வழியின்றித் தேவகுமாரியும் நடந்தாள்.

கொட்டகைக்குள் டிரம் புரண்டுகொண்டிருந்தது. மழையில் ஓடைக்கல் உருளும் ஓசை. தஸ்லீமா அதை நிறுத்தி மூடியைத் திறந்தாள். நுரைக்குள் கைவிட்டுக் கவிதாவின் கொலுசின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினாள். பாதி மெருகுதான் ஏறியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு காப்பிப் பழத்தின் காம்பும் நெளிவும் தெளிந்து நின்றன.

"குண்டு வெள்ளியைச் சொரண்டறதில்லீங்க. அழுத்தி அழுத்தி மேல்தோலை இறுக்கிவிடுது. மினுக்கும் வரும், கெட்டியும் ஆகும். பிரஷ்ல தேச்சா இந்தக் காம்புச் சந்துக்குள்ள போகவே போகாது. தேய்க்கிற விரல்தான் தேயும்."

ஜெப்சன் குனிந்து, நிமிர்ந்து, மூன்று பக்கமும் சுற்றிப் படம் எடுத்தான். "சூப்பரா இருக்குதுக்கா இது" என்று தன்னை மறந்து சொன்னான். தேவகுமாரி அவனைப் பார்த்தாள். கேமரா தாழ்ந்தது.

"எனக்கும் புடிச்சிருக்குதுங்க" என்றாள் தேவகுமாரி. அவள் பொய் சொல்லவில்லை. "ஆனா எங்க விடுதிக்கு வர்ற விருந்தாளிங்க கையால செஞ்சதைத்தான் கேப்பாங்க. அட்டை அடிச்சு வந்தாச்சு. நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். நான் இதைப் பாக்கவே இல்லைன்னு வெச்சுக்கலாம். குண்டு விழுந்ததையும் மறந்துடலாம். திரும்பிப் போய் அந்தப் பாயில உக்காருங்க, போதும்."

"அட்டையில டிரம்மயும் சேத்து அடிங்க. உக்கார்றேன்."

"டிரம்முல மெருகேத்தினதுன்னு எழுதினா யாருங்க வாங்குவாங்க?"

"வாங்காட்டி நானே போட்டுக்கறேன்."

முத்தாயி தொலிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

தேவகுமாரி சிரிக்கவில்லை. உள்ளங்கையிலிருந்த குண்டைத் தஸ்லீமாவின் கையில் வைத்தாள். "வருத்தமாத்தான் இருக்குது" என்றாள். கார் கிளம்பும் ஓசை கேட்டது. மூடியை முறுக்கி, தஸ்லீமா மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

ஷேக் தாவூத் கொட்டகைக்கு வந்தபோது கஞ்சிச் சட்டை கசங்கியிருந்தது. நவாஸ் பின்னால் வந்து கதவோரம் நின்றான்.

"ஒரு சொல்லு" என்றார் அவர். "பரல்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் கண்ணு? நான் இத்தனை வருஷம் கடை வெச்சிருக்கேன். தராசுத் தட்டுல என்னைக்காவது என் விரல் பட்டிருக்குதா? நானா பொய் சொல்றவன்? கையில்லாமயா டிரம்மு ஓடுது? எடுத்து வெக்கறது கை, தண்ணி ஊத்தறது கை, தொலியில பெரட்டறது கை. அப்பறம் கைமெருகுன்னா எங்க பொய் இருக்குது?"

"அப்ப எதுக்குங்க மாமா டிரம்மை மறைக்கச் சொன்னாங்க?"

அவர் கசங்கிய சட்டையை நீவிவிட்டார்.

"மறைக்க வேண்டியதா இருந்தா அது பொய்தானுங்க" என்றாள் தஸ்லீமா. குரல் உயரவில்லை. "எங்கம்மா விரல்ல ரேகை இல்லைங்க மாமா. அதைக் கைமெருகுன்னு அட்டையில போட்டு அழகு பாக்க என்னால ஆகாது. நான் மெஷினை வெச்சுத்தான் செய்யறேன். அதுல எனக்கு வெக்கமில்லை."

"என் வாக்குப் போச்சே."

"உங்க வாக்கை நான் எடுக்கலீங்க. என் கையைக் கேக்காம நீங்க குடுத்த வாக்குங்க அது."

நவாஸ் கதவோரத்திலிருந்து வெடித்தான். "எனக்கு வந்த வேலை போச்சு. அதைப் பத்தி யாருக்காவது கவலை உண்டா?"

"உண்டு" என்றாள் தஸ்லீமா. "நாளைக்கே விடுதியில போய்க் கேளு. நான் வேலைக்குத் தயார்தான், எங்க அண்ணிதான் ஒத்துக்கலைன்னு சொல்லு. நெசம்தானே அது? ஆனா குண்டை மாத்திப் போட்டவன் நீதான். அதையும் சேத்துச் சொல்லு."

முத்தாயி இருமினாள். அது சிரிப்பை மறைக்கும் இருமல் என்று நவாசுக்குத் தெரியும். அவன் போய்விட்டான்.

ஷேக் தாவூத் சுவரோரம் நடந்து சென்று மெயின் பெட்டியைத் திறந்தார். பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். டிரம் இன்னும் ஒருமுறை புரண்டு, தயங்கி, நின்றது. குண்டுகள் சரிந்து அடங்கும் ஓசைக்குப் பிறகு கொட்டகையில் ஒன்றும் கேட்கவில்லை.

பியூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கொட்டகை யாருக்குன்னு வெள்ளிக்கெழமை தொழுகை முடிச்சு வந்து பேசலாம். அதுவரைக்கும் இங்க கரண்டு இல்லை, தஸ்லீமா" என்றார்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

அவர் போன பிறகு முத்தாயி டிரம்மைப் பார்த்தாள். அவள் மகளின் கொலுசு அதற்குள் பாதி மெருகோடு கிடந்தது. அப்படியே விட்டால், அசையாமல் கிடக்கும் இரும்பு வெள்ளியோடு ஒட்டி, விடிவதற்குள் வெள்ளியில் பழுப்புக் கறை ஏற்றிவிடும்.

"எடுத்து அந்த பிரஷாலயே தேச்சுக் குடுத்துருங்க சாமி. எங்க சனம் என்ன, காம்புச் சந்துக்குள்ளயா பாக்கப் போவுது?"

"உங்க பொண்ணு பாப்பாளே" என்றாள் தஸ்லீமா. "அரை மெருகுல நான் எதையும் வெளிய அனுப்பறதில்லை."

முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகினாள். மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றினாள். டிரம் இரண்டு உருளைகளின் மேல் படுத்திருக்கும். ஒரு உருளையின் முனையில் இரும்புச் சக்கரம். சக்கரத்தின் துளையில் ஒரு நீள போல்ட்டைச் செருகி, அதில் சாக்குத் துணியைச் சுற்றினாள். பிடித்துத் தள்ளினாள். சக்கரம் நகரவில்லை. காலைச் சுவரில் ஊன்றித் தள்ளினாள். டிரம் முனகிக்கொண்டு புரண்டது.

"அட, பொரளுதே" என்றாள் முத்தாயி.

திருகையில் கேப்பை அரைக்கிற பழக்கத்தில் முத்தாயியும் வந்து பிடித்தாள். ஒருத்தி தள்ளினால் மற்றவள் இழுத்தாள். மோட்டாரின் வேகம் வரவில்லை. ஆனால் உள்ளே குண்டுகள் சரிந்து விழும் ஓசை, விட்டு விட்டேனும், வந்தது. மதியச் சோற்றுக்கு யாரும் கூப்பிடவில்லை. இருவரும் போகவும் இல்லை.

"இப்பக் கூப்புடுங்க அந்தம்மாள" என்றாள் முத்தாயி மூச்சு வாங்கியபடி. "நெசமாவே கைமெருகுன்னு எழுதிக்கிட்டுப் போகட்டும்."

"எழுத விடமாட்டேன். டிரம் மெருகுதான் இது. கரண்டுக்குப் பதிலா நாம."

முத்தாயி சிரித்ததில் பிடி நழுவி, டிரம் அரைச்சுற்றுப் பின்னால் போயிற்று. தஸ்லீமாவும் அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

சாயங்காலம் வாசலில் ஜீப் நின்றது. தலைச்சோலை கிராமத்திலிருந்து காப்பி மூட்டை ஏற்றிவந்து இறக்கிவிட்டு வந்த அவள் கணவன் முகமது ஆசிக், கடையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டே வந்திருந்தான் என்பது நின்ற தோரணையில் தெரிந்தது. மனைவியைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். தொங்கும் பெல்ட்டைப் பார்த்தான்.

"அத்தாகிட்ட நான் பேசட்டுமா?" என்றான்.

"நீங்க பேச வேண்டாங்க."

"அப்பறம் நான் என்ன பண்ணட்டும்?"

"முத்தாயிக்குக் கை ஓஞ்சுபோச்சு. இந்தப் பக்கம் புடிங்க."

ஆசிக் வாசலைத் திரும்பிப் பார்த்தான். கடையிலிருந்து பார்த்தால் கொட்டகை வாசல் தெரியும். தெரியட்டும் என்பது போலச் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து பிடித்தான்.

இருட்டுவதற்கு முன் மூடியைத் திறந்தார்கள். தஸ்லீமா கவிதாவின் கொலுசை வெளியே எடுத்துத் தண்ணீரில் அலசி, தொலியில் புரட்டி, உதறினாள். பிறகு காதருகே வைத்து, ஒவ்வொரு மணியாக ஆட்டிக் கேட்டாள். எல்லாம் சிலுசிலுத்தன. எங்கும் இடறல் இல்லை. முத்தாயி அதை முந்தானையில் முடிந்துகொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று அந்த வீடு இழந்தவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே வைத்துவிடுகிறேன்.

விடுதியின் கண்ணாடி அலமாரி. ஆண்டு முழுமைக்குமான ஆர்டர். நவாசின் வேலை. கடைவாசலில் ஒரே ஒரு காலைப் பொழுது தொங்கிய பச்சை எழுத்துப் பலகை. கொட்டகையின் மின்சாரம். மதியச் சோறு. தஸ்லீமாவின் வலது உள்ளங்கையில் கொஞ்சம் தோல். 'கண்ணு' என்கிற ஓர் அழைப்பு.

இவை தவிர, நீலப் பெட்டியில் ஒற்றைக் கொலுசு. இரவில் குண்டு எடுப்பதற்காகத் தஸ்லீமா பெட்டியைத் திறந்தபோது அது இல்லை. அதன் ஜோடி மட்டும் கிடந்தது. பெட்டியைத் திறந்ததாக வீட்டில் யாரும் சொல்லவில்லை. அது போன இடம் அடுத்த வாரக் கதை.